வண்டியில் குடித்தனம்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஊரில் இருந்தவரை அது வெறும் பழமொழி. மும்பைக்கு வந்து இறங்கிய பிறகுதான் அந்த எலி வளைக்கு டெபாசிட் எவ்வளவு, மாத வாடகை எவ்வளவு, தரகருக்கு எவ்வளவு என்பதெல்லாம் தெரிய வருகிறது. சம்பளம் கைக்கு வந்ததும் முதல் பங்கு வீட்டுக்காரருக்கு. பிறகு பள்ளிக்கூடம், மளிகை, மின்சாரம். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அனுப்பும் பணம் எப்போதும் கடைசியில்தான்.

இந்த நிலையில், மேலை நாடுகளில் சிலர் வாடகையே கொடுக்காமல் ஒரு வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள் என்ற செய்தி நம் வீட்டு இளைஞர்களின் மனத்தைக் கவர்ந்திருப்பதில் வியப்பில்லை. 'கேம்பர் வேன்' என்று அதற்குப் பெயர். "ஏன் சார், செம்பூரில் வாடகை கட்டி அழுவதைவிட ஒரு வேனை வாங்கி அதிலேயே இருந்துவிட்டால் என்ன?" என்று கேட்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். சிரித்துத் தள்ளிவிடக் கூடிய கேள்வியல்ல இது. கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே.

2015ல் கலிபோர்னியாவில் கூகுள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் பொறியாளர், சுமார் பத்தாயிரம் டாலருக்குப் பழைய டிரக் ஒன்றை வாங்கி, அதை அலுவலக வளாகத்திலேயே நிறுத்திக் குடியேறிவிட்டார். பத்திரிகைகளில் அப்போது பரபரப்பாகப் பேசப்பட்ட செய்தி. அவருடைய 'வீட்டின்' பரப்பு 128 சதுர அடி. குளியல் அலுவலக உடற்பயிற்சிக் கூடத்தில். மூன்று வேளைச் சாப்பாடும் அலுவலகத்தில்.

இந்த 128 சதுர அடி அமெரிக்கர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம், நமக்கு இல்லை. 1920களில் ஆங்கிலேய அரசு கட்டிய வொர்லி, நாய்காவ் பி.டி.டி. சால்களில் ஓர் அறை 160 சதுர அடிதான். அதற்குள் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப் பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை வாழ்ந்தது. தாராவியில் அதைவிடச் சிறிய கோலிகளில் பிள்ளைகள் படித்துப் பட்டதாரிகள் ஆகியிருக்கிறார்கள். ஆகவே இடம் போதாது என்று சொல்லி இந்த யோசனையைத் தள்ள நமக்கு வழியில்லை.

சிக்கல் வண்டிக்கு உள்ளே இல்லை, வெளியேதான் இருக்கிறது.

முதலில் வண்டியை வாங்க வேண்டும். வாங்கினால் ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும். 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, உரிமையாளர் எங்கே வசிக்கிறார் அல்லது எங்கே தொழில் செய்கிறார் என்பதை வைத்துத்தான் பதிவு. அதற்கு முகவரிச் சான்று காட்ட வேண்டும். வீடு வேண்டாம் என்று வண்டி வாங்கப் போனால், வண்டி வாங்க வீட்டு முகவரி கேட்கிறார்கள்!

சரி, யாரோ ஒரு மாமா வீட்டு முகவரியைக் கொடுத்துப் பதிந்துவிட்டோம். அடுத்து, இருக்கைகளைக் கழற்றிக் கட்டிலும் அடுப்பும் பொருத்த வேண்டும். அந்தச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வசிக்கும் வசதியுள்ள வண்டிக்கு 'மோட்டார் கேரவன்' என்று தனி வகை நம் விதிகளில் இருக்கத்தான் செய்கிறது. கேரளமும் மகாராஷ்டிரமும் 2021ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை வகுத்தன. ஆனால் அவை நாலு நாள் மலையும் கடலும் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கானவை. மாதச் சம்பளக்காரர் குடித்தனம் நடத்துவதை மனத்தில் வைத்து யாரும் எழுதியவை அல்ல.

பிறகு நிறுத்துமிடம். செம்பூரில் சொசைட்டிக்குள் ஒரு ஸ்கூட்டர் நிறுத்துவதற்கே பொதுக்குழு கூட்டி சண்டை போடுகிறோம். வேனுக்கு இடம் யார் கொடுப்பார்? தெருவில் நிறுத்தலாம் என்றால், பொது இடத்தில் ஆளில்லாமல் பத்து மணி நேரத்துக்கு மேல் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லப் போலீஸாருக்கு அதே சட்டத்தில் அதிகாரம் உண்டு. காலையில் எட்டு மணி லோக்கலைப் பிடித்து, இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவருக்குப் பத்து மணி நேரம் தாண்டாமல் இருக்குமா? வேலைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் வீட்டைக் காணோம் என்ற நிலை! 2019ல் மாநகராட்சி, பொது வாகன நிறுத்தங்களுக்கு அருகே தெருவில் விதிமீறி நிறுத்துகிறவர்களுக்கு அபராதத்தை உயர்த்தியபோது, இரு சக்கர வண்டிக்கே 5,000 ரூபாய் என்று வைத்தது பலருக்கு நினைவிருக்கும்.

தண்ணீரும் கழிப்பறையும் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. காலை ஐந்து மணிக்குக் கையில் வாளியுடன் வரிசையில் நின்ற அனுபவம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. கட்டணக் கழிப்பறைக்கு ஒவ்வொரு தடவையும் சில்லறை எடுக்க வேண்டும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு அதுவே ஒரு சிறு வாடகை. பெண்பிள்ளை உள்ள வீட்டில் இரவு பன்னிரண்டு மணிக்கு எங்கே போவது என்ற கேள்விக்குப் பணத்தாலும் விடை கிடைக்காது.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மே மாதப் புழுக்கத்தில் எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டுக்கொண்டு நின்ற வண்டியில் தூங்கக் கூடாது. புகைக் குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்தால் அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். மழைக்காலமோ இன்னொரு ஆபத்து. 2005 ஜூலை 26ந் தேதியை மும்பைக்காரர் யார் மறப்பார்? சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. சயான், குர்லா பக்கமெல்லாம் வெள்ளக்காடு. கதவு திறக்க முடியாமல் காருக்குள்ளேயே மூச்சு முட்டி இறந்தவர்களும் உண்டு. அதன் பிறகுதான் இந்த நகரத்தில் பலர் காருக்குள் கண்ணாடி உடைக்க ஒரு சிறு சுத்தியலை வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு பேச்சுக்கு, மாத வாடகை 20,000 ரூபாய் என்றும், படுக்கை வசதியோடு ஒரு பழைய வேன் 9 லட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். 45 மாத வாடகை வேனுக்குள் முடங்கிவிடுகிறது. காப்பீடு, வரி, டயர், மெக்கானிக் செலவெல்லாம் தனி. மூன்றே முக்கால் வருஷம் கழித்து வேன் இன்னும் பழசாகி நிற்கும். தனி ஆளுக்கு இது ஒருவேளை கட்டுப்படியாகலாம். குடும்பஸ்தருக்கு ஆகாது என்பது என் கணக்கு.

ஆனால் ஒன்று. வாடகையை மிச்சம் பிடிக்க வண்டியிலோ வேலையிடத்திலோ படுத்து எழுவது மேல்நாட்டுக்காரன் கண்டுபிடித்த புதுமை என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம்.

நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரி ஓட்டுநர்களைக் கேளுங்கள். லோடு ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் வாரக்கணக்கில் கேபின்தான் அவர்களுக்கு வீடு. இருக்கைக்குப் பின்னால் ஒரு படுக்கை, பெட்டிக்குள் ஒரு ஸ்டவ், கொஞ்சம் அரிசி, புளி, மிளகாய்த்தூள். வடாலா டிரக் டெர்மினல் பக்கம் போனால் லாரி நிழலில் சோறு பொங்குவதைப் பார்க்கலாம். அவர்கள் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்ற விதிமுறைகூட, புதிய லாரிகளுக்கு மட்டும், 2025ல்தான் நடைமுறைக்கு வந்தது.

மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்ஸிகள் இன்னோர் உதாரணம். பிரிமியர் பத்மினியின் பின் இருக்கையில் காலை மடக்கிப் படுத்தும், கோடையில் பானெட்டின் மேல் துண்டை விரித்துப் படுத்தும் இரவைக் கழித்த ஓட்டுநர்கள் எத்தனையோ பேர். பெரும்பாலோர் வடக்கேயிருந்து வந்தவர்கள், நம்மவரும் உண்டு. கடைசிப் பத்மினி டாக்ஸி தாடதேவ் ஆர்.டி.ஓ.வில் 2003 அக்டோபர் 29ல் பதிவாயிற்று. இருபது வருஷ வரம்பு முடிந்து 2023 அக்டோபரோடு அந்த வண்டிகள் தெருவை விட்டுப் போயின. அவை போனபோது பத்திரிகைகள் பழைய சினிமாவையெல்லாம் நினைவுகூர்ந்து எழுதின. அது எத்தனை பேருக்குப் படுக்கையறை என்பதையும் எழுதியிருக்கலாம்.

தாராவியில் தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முதல் தலைமுறையில் பலர், வேலை செய்த இடத்திலேயே படுத்தவர்கள். "அண்ணாச்சி, ராத்திரி தலைசாய்க்க ஒரு மூலை போதும்" என்று கேட்டு நுழைந்தவர்கள். முதலாளிக்குச் சம்பளமில்லாத காவலாள் கிடைத்தான். இவருக்கு வாடகை மிச்சம். இன்றும் தாராவிக் கார்க்கானாக்களில் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் தையல் மிஷின்களுக்கு நடுவே பாய் விரிக்கிறார்கள். கூகுள் பொறியாளர் செய்ததும் இதேதான். வேலையிடமும் வீடும் ஒன்றாகிவிட்டால் வேலை நேரம் என்று ஒன்று இராது. வேலை போகும் நாளில் வீடும் போகும். டிரக் வைத்திருந்தவராவது அதை ஓட்டிக்கொண்டு போய்விடலாம்.

மாட்டுங்காவுக்கு ஸ்டெனோகிராபராகவும் கணக்கராகவும் வந்த பிரம்மச்சாரிகள் வேறு வழி கண்டார்கள். ஒரே அறையில் ஐந்தாறு பேர், ஆளுக்கு ஒரு கட்டில் அல்லது ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி. சாப்பாடு மெஸ்ஸில். ஸ்டேஷன் எதிரே 1942ல் தொடங்கிய ராமநாயக்கின் உடுப்பி போர்டிங்கைத் தெரியாத மும்பைத் தமிழர் உண்டா? சமையலறையும் கூடமும் வெளியே இருக்க, படுக்க மட்டும் வாடகை. இன்றைய வேன்வாசிகள் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

இந்த நகரில் வாடகை வீடு ஏன் இப்படி எட்டாக் கனி ஆயிற்று? 1947ம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம் பழைய வாடகைகளை 1940 செப்டம்பர் நிலையிலேயே நிறுத்திவைத்தது. உள்ளே இருந்தவர்களுக்கு யோகம். புதிதாக வந்தவருக்கு வாசல் அடைபட்டது. பின்பு 'பக்டி' என்று மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால்தான் இடம் என்றாயிற்று. 1973ல் வந்த திருத்தம், அவ்வாண்டு பிப்ரவரி 1ந் தேதி லீவ் அண்ட் லைசென்ஸில் இருந்தவர்களையும் குடித்தனக்காரர்களாகக் கருதிப் பாதுகாத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் வீட்டுக்காரர்கள் மிரண்டுபோனார்கள். பின்னால் வந்த நமக்குக் கிடைத்ததெல்லாம் பதினோரு மாத ஒப்பந்தம். மாதங்கள் முடிந்ததும் பீரோவையும் கிரைண்டரையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு சயானிலிருந்து செம்பூர், செம்பூரிலிருந்து முலுண்ட், முலுண்டிலிருந்து டோம்பிவிலி. இப்படிச் சுற்றிய குடும்பங்களும் ஒரு வகையில் வண்டியில் வாழ்ந்தவைதான்.

பாயும் கட்டிலும்கூடக் கிடைக்காதவர்களுக்கு நடைபாதை. இங்கே ஒரு நம்மூர்க்காரரின் கதையைச் சொல்ல வேண்டும். கதையல்ல, உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருப்பது.

அவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி. வறட்சியில் வேலையிழந்து 1961ல் பம்பாய் வந்தார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி. மேற்கு விரைவு நெடுஞ்சாலை ஓரம், நடைபாதையில், பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்டு கட்டிய ஒரு மறைப்புக்காக ஒரு தாதா அவரிடம் 2,500 ரூபாய் பறித்துக்கொண்டார். அதில் மனைவி, மூன்று பெண்களோடு குடியிருந்தார். 2,500 ரூபாய் என்றால் அவருக்கு நூற்றெட்டு நாள் கூலிக்கும் மேல். நடைபாதைவாசி ஓசியில் இருக்கிறான் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

1981 ஜூலையில் அப்போதைய முதலமைச்சர் அந்துலே, நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் ஊருக்கே அனுப்பப் போவதாக அறிவித்தார். ஜூலை 23ந் தேதி, கொட்டும் மழைக்காலத்தில், மாநகராட்சி ஆட்கள் அந்த மறைப்பைப் பிரித்தெறிந்தார்கள். குடும்பத்தையே சேலத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் பெண்களும் சேலத்தில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் ஒரு நடைபாதையில் அடைக்கலமானார்.

ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் வழக்கில் இவரும் ஒரு மனுதாரர். 1985 ஜூலை 10ல் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றார்கள். இந்தியச் சட்டத்தில் அது பெரிய வார்த்தை. ஆனால் நடைபாதை நடப்பதற்கே, அங்கே குடியிருக்க யாருக்கும் உரிமையில்லை, முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மழைக்காலம் முடிந்து 1985 அக்டோபர் 31 வரை மட்டும் தொடக் கூடாது என்றது. மாற்று இடம் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்றது தெரியுமா? 1976 கணக்கெடுப்பில் பதிவாகி அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு.

அமெரிக்காவில் முப்பத்தொன்பது வருஷம் கழித்து ஏறக்குறைய இதே கேள்வி எழுந்தது. ஓரிகான் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிற்றூர், பொது இடத்தில் படுக்கை விரித்துத் தூங்குவதற்கு அபராதம் விதித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் வேனில் வாழ்ந்த வயதான முன்னாள் நர்ஸ். 2024 ஜூன் 28ல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நகராட்சியின் பக்கம் தீர்ப்பளித்தது. வேன் வாழ்க்கையின் சொர்க்கம் என்று நம் பிள்ளைகள் நினைக்கும் நாட்டில் நிலைமை இது. அங்கேயும் லைசென்ஸ் வாங்க முகவரி வேண்டும். அதற்காகப் பல வேன்வாசிகள் தெற்கு டகோட்டா மாநிலத்துக்குப் போகிறார்கள். அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு தபால் முகவரி கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. ஒரே ஓர் இரவு விடுதியில் தங்கிய ரசீதைக் காட்டினால் ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிடும்.

ரசீது! எல்லாம் அங்கேதான் வந்து நிற்கிறது.

தாராவியைப் பாருங்கள். மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது; 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. தரைத் தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருப்பதை நிரூபித்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் கட்டினால். மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியேதான், தவணையில். நிரூபிப்பது எப்படி? மின்சார பில், வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, போட்டோ பாஸ், ஒப்பந்தப் பத்திரம். பெட்டியின் அடியில் துணிக்குள் சுற்றிவைத்த பழுப்பேறிய காகிதங்களுக்கு இப்போது தங்கத்தின் மதிப்பு.

இந்த இடத்தில்தான் வாடகையை மிச்சம் பிடித்தவர்கள் தடுமாறுகிறார்கள். கார்க்கானாவில் படுத்தவர், உறவினர் வீட்டுப் பரணில் பதினைந்து வருஷம் கழித்தவர், வாய்ப்பேச்சில் வாடகை கொடுத்துக் கையில் ஒரு துண்டுச் சீட்டும் வாங்காதவர் — இவர்களெல்லாம் இந்த நகரத்தில் வாழ்ந்தார்கள் என்பதற்கு எழுத்தில் ஆதாரமில்லை. வேனில் வசிக்கப் போகிறவரும் இதே வரிசையில்தான் நிற்பார். மாதாமாதம் மிச்சமாகும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. பதிவாகாமல் போகும் வருஷங்கள் தெரிவதில்லை.

அதனால் இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டைச் சொல்லிவிடுகிறேன். வீடில்லாதவருக்கும் ஓட்டுரிமை உண்டு. படிவம் 6ல் எங்கே தூங்குகிறோம் என்பதை எழுதிக் கொடுத்தால், சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்கே வந்து பார்த்துச் சேர்க்க வேண்டும்; முகவரிச் சான்று கேட்கக் கூடாது. கடை வாசலிலோ பட்டறையிலோ நிரந்தரமாகப் படுக்கிற நம் ஊர்ப் பையன்களுக்கு இதைச் சொல்லுங்கள். இடம் மாறிக்கொண்டே இருக்கும் வண்டிக்காரருக்கு இதுவும் பயன்படாது.

மற்றொன்று, வாடகைக்கு இருப்பவர்களுக்கு. 1999ம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55வது பிரிவின்படி, பதினோரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஆனாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்யப்பட வேண்டும். பதியும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் அவருக்குத் தண்டனை உண்டு. பதிவு இல்லாத நிலையில் தகராறு வந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனைகளே செல்லும். "நமக்குள்ளே எதற்கு அதெல்லாம், நாமெல்லாம் ஒரே ஊர்க்காரர்கள்தானே" என்று வீட்டுக்காரர் சொன்னாலும், பதிவுச் செலவில் பாதியைத் தாங்களே ஏற்பதாகச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். பதிந்த பத்திரத்தின் நகல் ஒன்றை ஊரில் உள்ள பெட்டியிலும் போட்டு வையுங்கள்.